பெரட்டுக் களமும் மேலாண்மைக் கோட்பாடும்



மேலாண்மைக் கோட்பாட்டின் வரலாற்று வளர்ச்சி என்பது இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். மொழிக் கழகத்தின் மேடை ஆதலால் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. ஆங்கிலத்தின் 'மேனேஜ்' என்னும் சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. குதிரையைக் கையால் பழக்கி நடத்துதல் என்பது அதன் முதற்பொருள். மலாய்மொழியின் 'பெங்குருசான்' என்பதற்கு 'உருஸ்' வேர். ஒழுங்குபடுத்துதல், கவனித்துக்கொள்ளுதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நாம் நெடுங்காலம் வழங்கிவரும் 'நிர்வாகம்' வடசொல். ஒன்றைத் தாங்கி இறுதிவரை கொண்டுசெலுத்துதல் அதன் கருத்து. பாடநூல்கள் இப்போது விரும்பும் 'மேலாண்மை'யோ மேலிருந்து ஆளுதலைக் குறிக்கிறது. குதிரை, ஒழுங்கு, சுமை, ஆட்சி என நான்கு சொற்களுக்குள் நான்கு கோட்பாடுகள் அடங்கிக் கிடக்கின்றன.

தமிழில் இப்பொருள் பற்றிப் பேசுவோர் திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவ்வதிகாரத்தின் பெருமையில் நமக்கு ஐயம் சிறிதும் இல்லை. எனினும் அது ஆளைத் தேர்ந்து வினையை ஒப்படைக்கும் அரசனை நோக்கிச் சொல்லப்பட்டது. இந்நாட்டுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோருள் மிகப் பலர் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆகவே இன்று அந்தப் பக்கத்தில் நின்றே இவ்வரலாற்றைப் பார்க்க முயல்வோம்.

பாடநூல் சொல்லும் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1911இல் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் அறிவியல்முறை மேலாண்மை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1916இல் பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி பயோல் நிருவாகத்தின் பதினான்கு நெறிகளை வகுத்தளித்தார். செருமானிய அறிஞர் மாக்ஸ் வெபர் மறைந்தபின், 1922இல் வெளிவந்த அவரது பெருநூல் எழுத்துவழி அலுவலாட்சியின் இலக்கணத்தைத் தந்தது. பின்னர் ஆதார்ன் தொழிற்சாலை ஆய்வுகளும் எல்டன் மேயோவும். 1954இல் பீட்டர் டிரக்கர். 1960இல் டக்ளஸ் மெக்ரிகர். மாணவர்கள் தேர்வுக்கு இவ்வரிசையை மனப்பாடம் செய்கின்றனர். இவ்வரிசையில் கிள்ளான் எங்கே இருக்கிறது என்று அவர்களுள் ஒருவரும் கேட்பதில்லை. கற்பிக்கும் நாமும் சொல்வதில்லை.

டெய்லரின் நூலில் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. பெத்லகேம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து வண்டியில் ஏற்றும் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிவந்தார். எப்போது தூக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று மணிப்பொறியுடன் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவர் நாற்பத்தேழரை டன் ஏற்றினார் என்று டெய்லர் எழுதுகிறார். நாட்கூலி ஒரு டாலர் 15 செண்டிலிருந்து ஒரு டாலர் 85 செண்டாயிற்று. இக்கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கின்றனர், அது கிடக்கட்டும். இதன் அடியில் உள்ள கொள்கைதான் நமக்கு வேண்டுவது. எண்ணுவோர் ஒருவர், செய்வோர் வேறொருவர். வேலையை அளந்து, பகுத்து, நாளுக்கு இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுக்க வேண்டும். இதுவே புதிய அறிவியல் என்று உலகம் வியந்தது.

அந்த 1911இல் சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களில் இது அன்றாட வழக்கம். விடியுமுன் மணி அடிக்கும். லயத்து வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நிற்பர். 'பெரட்டு' என்பது ஆங்கிலத்தின் 'பரேட்' என்னும் படையணிச் சொல்லின் திரிபு என்பர். கிராணி செக்ரோல் ஏட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். ஆளுக்கு இத்தனை நிரை, நிரைக்கு இத்தனை மரம் எனப் பகிர்ந்தளிக்கப்படும். ஒருவர் பங்குக்கு 300, 400 மரங்களுக்குக் குறைவதில்லை. காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துள் பால் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறையும். எனவே இங்கு மணிப்பொறியின் வேலையைச் சூரியனே பார்த்துக்கொண்டது. மரம் சீவி முடித்து, மங்கிலிருந்து பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து நிறுக்குமிடம் வந்து சேர்ந்தால், அங்கே ஒரு மிதவைக் கருவி காத்திருக்கும். 'மெட்ரோலாக்' என்று அதற்குப் பெயர். பாலில் ரப்பர் எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு என்று அது காட்டும். அதன் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி. மரத்தை அறிந்தவரோ அந்த எண்ணுக்குத் தலையாட்டிவிட்டு வீடு திரும்பினார். எண்ணுவோரும் செய்வோரும் இருவேறு ஆட்கள் என்னும் கொள்கை, எந்த ஆசிரியரும் எழுதித் தராமலேயே, ஒவ்வொரு நண்பகலிலும் அங்கு நிறைவேறிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? அமெரிக்க ஆலைகளிலிருந்து அன்று. இலங்கையின் காப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபோது அங்கிருந்து இங்கு வந்த வெள்ளைத் தோட்டக்காரர்கள் கங்காணி முறையைத் தம்மோடு கொண்டுவந்தனர். அதற்கும் முன்பு மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டங்களில் நாளின் வேலையை அளந்து கொடுப்பதும், ஆளுக்கு ஆள் விளைச்சலை ஏட்டில் பதிவதும் வளர்ந்திருந்தன. மேலாண்மைக் கல்வி தன் பிறப்பிடத்தில் இந்த அடிமைத் தோட்டத்தை மறைத்துவிட்டது என்று பில் குக் என்னும் அறிஞர் 2003இல் எழுதினார். 2018இல் கெயிட்லின் ரோசந்தால் அத்தோட்டங்களின் கணக்கேடுகளை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். டெய்லரின் துணைவராய் இருந்து, வேலைத்திட்ட வரைபடத்தால் இன்றும் நினைக்கப்படும் ஹென்றி கான்ட் என்பவர் மேரிலாந்தில் அடிமைகளை உடைய குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் ஈண்டுச் சேர்த்து எண்ணலாம். நம் பாட்டன்மார் அடிமைகள் அல்லர். சட்டம் அவர்களை அப்படி அழைக்கவில்லை. ஆனால் அவர்கள் நின்ற வரிசை அங்கிருந்து நீண்டு வந்த வரிசை.

இனி, கங்காணி. கண்ணால் காண்பவர் கண்காணி. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் கண்காணி என்பது ஒரு பொறுப்பின் பெயர். கோயிற் செயல்கள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று பார்ப்பவர். அந்த மதிப்புமிக்க சொல் தேயிலை மலையையும் ரப்பர்க் காட்டையும் சுற்றி 'கங்காணி' ஆகி ஆங்கில அகராதிக்குள்ளும் நுழைந்தது. கங்காணி தம் ஊருக்குச் சென்று உறவினரையும் சாதியினரையும் அழைத்து வருவார். வழிச்செலவுக்கும் வீட்டுக் கடனுக்கும் முன்பணம் தருவார். தோட்டத்தில் அவரே மேற்பார்வையாளர். பல இடங்களில் மளிகைக் கடையும் அவருடையதே. அவர் அழைத்து வந்தவர்களுள் அன்று எத்தனை பேர் வேலைக்கு இறங்கினரோ, தலைக்கு இத்தனை காசு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலென்று ஒருவர் படுத்துவிட்டால் கங்காணியின் வரும்படி குறையும். இதனினும் கூர்மையான ஊக்கத்தொகைத் திட்டத்தை எந்த வணிகப் பள்ளியும் இதுவரை வகுத்ததில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஒருவருக்கு ஒரே தலைவர் என்பது பயோல் வகுத்த நெறிகளுள் முதன்மையானது. தோட்டத் தொழிலாளிக்கோ துரை, கிராணி, மண்டோர், கங்காணி எனப் பலர். ஆயினும் தோட்டம் குலையாமல் நடந்தது. கடனும் உறவும் ஊர்ப்பழியும் கங்காணி என்னும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். நம் உறவுமுறையே அங்கு மேலாண்மைக் கருவியாகப் பயன்பட்டது. பிறரைக் குறைசொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாத இடம் இது.

இத்தனையும் ஒருபுறம் நடக்க, நாம் இப்போது கூடியிருக்கும் பிரிக்பீல்ட்சில் வேறொரு மேலாண்மை வேர்விட்டது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இருப்புப்பாதை இணைத்தது. 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே ஒரே அமைப்பாயிற்று. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற இவ்விடம் இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் களமாகவும் ஊழியர் குடியிருப்பாகவும் வளர்ந்தது. அமெரிக்காவிலும் தொழில்முறை மேலாளர் என்னும் பிறவி இருப்புப்பாதையில்தான் தோன்றினார் என்று ஆல்பிரட் சாண்ட்லர் 1977இல் எழுதிய நூலில் நிறுவினார். 1855இலேயே டேனியல் மெக்காலம் என்னும் இரயில்வே மேற்பார்வையாளர் தம் நிறுவனத்தின் அதிகார அமைப்பைக் கிளைவிட்ட மரம்போல் வரைந்து வைத்தார். காரணம் எளிது. ஒரே பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரும்போது, யாருடைய ஆணை செல்லும் என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த எழுத்தைப் பேண யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தமிழர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் வந்தனர். விதிநூல், கோப்பு, படிநிலை உயர்வு, ஓய்வூதியம் என வெபர் பின்னாளில் இலக்கணமாக எழுதியதை அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். அதே பாதையில் கடப்பாரையும் சம்மட்டியும் ஏந்தி நின்றவர்களும் தமிழரே. கோப்பு ஏந்திய தமிழரும் கடப்பாரை ஏந்திய தமிழரும் ஒரு மொழி பேசினர். ஒரு மேசையில் உண்டிலர். இதைச் சொல்லாமல் பிரிக்பீல்ட்சின் பெருமை பேசுவது நமக்கு உவப்பன்று.

ஆக, ஒரே இருப்புப்பாதையின் ஒரு முனையில் விதியின் ஆட்சி. மறுமுனையில் ஆளின் ஆட்சி. பிரிக்பீல்ட்சு எழுத்தருக்கு இழைக்கப்படும் தவற்றை அவர் மேல்முறையீட்டில் எழுதலாம். கிள்ளான் தோட்டத்தில் முறையீடு என்பது துரையின் வராந்தாவுக்கு வெளியே காத்து நிற்பது.

இவ்விடத்தில்தான் நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 1924 முதல் 1932 வரை சிக்காகோ அருகே ஆதார்ன் தொலைபேசித் தொழிற்சாலையில் ஆய்வுகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை எதிர்பார்த்தபடி மாறாததைக் கண்டு வியந்த ஆய்வாளர்கள், தொழிலாளர்களிடமே கேட்டுப் பார்க்க முடிவுசெய்தனர். 1928 தொடங்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்கள். தொழிலாளர்கள் கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. மேற்பார்வையாளரின் சொல், மதிக்கப்படும் உணர்வு, உடன் வேலை செய்வோரின் தோழமை ஆகியவற்றையும் பேசினர். எல்டன் மேயோ 1933இல் இதை நூலாக்கினார். மனித உறவுக் கோட்பாடு பிறந்தது என்று பாடநூல் எழுதுகிறது.

எட்டாண்டு கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களை ஒருங்கிணைத்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளை மேலாண்மை மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி அவற்றுள் ஒன்று. மற்றவை: கொடுமை செய்யும் மேற்பார்வை ஊழியரை நீக்கித் தமிழ் தெரிந்தவரை அமர்த்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துதல், நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல், பேச்சுரிமை, கூடும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துசெல்லுதல், பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலையை ஒழித்தல், குறை சொன்னவரைப் பழிவாங்காதிருத்தல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு ஒன்று: துரையோ அலுவலரோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை.

கூலியைத் தொடும் கோரிக்கை ஒன்று. ஏனைய அனைத்தும் மனித உறவு. ஆதார்னில் ஆய்வாளர் படை ஒன்று ஆண்டுக்கணக்கில் துருவித் தேடி எடுத்ததை, கிள்ளான் தொழிலாளர்கள் தாமே முன்வந்து, கேளாமலே, ஒரே தாளில் எழுதித் தந்தனர். அதிலும், மேயோ காணாத ஒன்றை அவர்கள் கண்டனர். மேற்பார்வையாளர் அன்பாகப் பேசினால் போதும் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பேசும் உரிமை எழுத்தில் வேண்டும், பேசியவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றனர். மிதிவண்டிக் கோரிக்கையை அக்கால அதிகாரிகளுள் சிலர் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் ஓர் அமைப்பின் இயல்பை அறிய அதன் வரைபடத்தைக் காட்டிலும், அங்கே யார் யாரைக் கண்டு இறங்குகிறார் என்பதே நல்ல சான்று.

விளைவு யாவரும் அறிந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். மே 16இல் சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தனர். சிக்காகோவில் பேசியவர்களின் சொற்கள் நூலாயின. கிள்ளானில் பேசியவர்களின் சொற்கள் காவல்துறைக் கோப்பாயின. அந்த நூலையே நாம் இன்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்.

பின் நடந்தவற்றை விரைந்து கடப்போம். போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் மீண்டும் தலையெடுத்து, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் போன்றோர் துரையின் வராந்தாவைப் பேச்சுவார்த்தை மேசையாக மாற்றினர். 1960இல் இரண்டு நிகழ்ந்தன. அமெரிக்காவில் டக்ளஸ் மெக்ரிகர், மனிதர் இயல்பாகவே வேலையை வெறுப்பவர், அச்சுறுத்தினால்தான் உழைப்பர் என்னும் எண்ணத்துக்கு 'எக்ஸ் கோட்பாடு' என்று பெயரிட்டு, அதை மறுத்து நூல் எழுதினார். மலாயாவில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளை முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைச் செலுத்தித் தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கலாம் என்றார் அவர். மரம் சீவுவோர் அதன் உரிமையாளராகவும் இருக்க இயலும் என்பது மெக்ரிகர் எழுதத் துணிந்ததைக் காட்டிலும் ஒருபடி மேற்பட்ட எண்ணம். எனினும் உரிமைப்பத்திரம் கைமாறியதால் மறுநாள் விடியலில் மணி அடிப்பது நின்றுவிடவில்லை. பங்குதாரரும் அதே நிரையில்தான் இறங்க வேண்டியிருந்தது. உரிமை மாறினால் மேலாண்மை தானே மாறிவிடும் என்று நம்புவோர் இதை எண்ணிப்பார்ப்பது நலம்.

1981 செப்டம்பர் 7 அன்று இலண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப் பொழுதுக்குள் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கிழக்கை நோக்கும் கொள்கை; சப்பானிய தரக் குழுக்கள் பற்றிய பேச்சு. தோட்டங்களோ நகரங்களாயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று; பிராங் பெசார் தோட்டத்தின் மீது புத்ராஜெயா எழுந்தது. பெட்டி கோத்த களத்தின் மீது 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. அதன் மாடிகளில் குளிரூட்டிய அறைகளில் இன்று மேலாண்மைப் பயிலரங்குகள் நடக்கின்றன.

அங்கு பயிற்சி பெறுவோருள் நம் பிள்ளைகளும் உள்ளனர். கிள்ளான் தொழிற்பேட்டைகளில் நம்மவர் பலர் இன்று மேற்பார்வையாளர்கள். அவர்கள்முன் வரிசையில் நிற்போர் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், மியன்மாரியர். அவர்களை ஊரிலிருந்து அழைத்து வந்த முகவரிடம் அவர்களும் கடன்பட்டிருக்கின்றனர். ஆள் வழங்கும் ஒப்பந்ததாரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று இன்றும் கணக்கு உண்டு. ஆலையில் அவர்களுக்கு ஒரு தலைவர், ஒப்பந்ததாரர் ஒரு தலைவர், விடுதிக்காரர் ஒரு தலைவர். இதற்கு ஆங்கிலத்தில் புதுப்புதுப் பெயர்கள் வந்துவிட்டன. தமிழில் பழைய பெயரே இருக்கிறது. அப்பெயரை நம்மவருள் யார் இன்று தம் மேல் ஏற்பார்?

அமெரிக்க அம்மையார் மேரி பார்க்கர் பாலெட் 1920களில் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். ஒருவர் மீது செலுத்தும் ஆற்றல் ஒன்று. ஒருவரோடு சேர்ந்து வளர்க்கும் ஆற்றல் மற்றொன்று. அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் 'மேலாண்மை' என்னும் நம் சொல்லாக்கத்தை ஏற்றிருக்க மாட்டார். உடனிருந்து ஆளுதலுக்கு 'உடனாண்மை' என்று ஒரு சொல் ஆக்கலாமா என்று இக்கழகத்தார் முன் வைக்கிறோம். சொல் நன்றாயில்லை என்றால் தள்ளிவிடுக. தேவையைத் தள்ள வேண்டா.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. கலைச்சொற் பட்டியல்கள் தொகுக்கும்போது ஆங்கிலச் சொல்லை இடப்பக்கத்தில் எழுதி அதற்கு நிகர் தேடுகிறோம். பெரட்டு, செக்ரோல், நிரை, தலைக்காசு, லயம், மண்டோர் ஆகியவற்றுக்கு இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல் இல்லை. ஆதலால் அவை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. இவற்றை வாழ்ந்து அறிந்தோர் இப்போது எண்பதைக் கடந்தவர்கள். கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் அவர்களுள் சிலர் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அடுத்த பொங்கல் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் அருகில் அமர்வோம். அலமாரியின் அடியில் பழைய செக்ரோல் ஏடோ, கடன் சீட்டோ, பங்குப் பத்திரமோ கிடந்தால் பழந்தாள்காரரிடம் போட்டுவிடாமல் இக்கழகத்தின் நூலகத்துக்குக் கொண்டுவந்து தருக. நூலகம் வாரநாள்களில் மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும் என்று செயலாளர் சொல்லச் சொன்னார்.